மலையில் ஒரு கல்யாணம், சாட்சிக்கு ஒரு குருகு

1/
போன வருஷம் ஒரு நைட் டூட்டி. மணி பதினொன்றரை இருக்கும். கேஷுவாலிட்டிக்கு ஒரு பெண்ணை ஆட்டோவில் கொண்டு வந்தாங்க. வயது 22. கூட அம்மா, அத்தை, அண்ணன்.

"ஒரு மாசமா சரியா சாப்பிடல டாக்டர். மெலிஞ்சுட்டே போறா. இன்னிக்கு மயங்கி விழுந்துட்டா."

கையில் புதுசா மந்திரிச்ச கயிறு. நெற்றி நிறைய விபூதி. இங்க வர்றதுக்கு முன்னாடி ரெண்டு தடவை ஒரு பூசாரிகிட்ட கூட்டிட்டுப் போயிருக்காங்க. அவர் காத்து கருப்புன்னு சொல்லிட்டாராம்.

(அந்தப் பெண்ணை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

2/
பிரஷர் 90/60. நாடி வேகமா ஓடுது. நாக்கு வறண்டு கிடக்கு. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தா வெளுத்திருக்கு. ட்ரிப் போட்டோம்.

எங்க டூட்டி சிஸ்டர் இருபது வருஷம் சர்வீஸ் பார்த்தவங்க. சொந்தக்காரங்களை "கொஞ்சம் வெளிய இருங்க"ன்னு அனுப்பிட்டு, ஸ்கிரீனை இழுத்து விட்டாங்க. மெதுவா ஒரே கேள்வி.

"கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்ச?"

அந்தப் பொண்ணு விரல் விட்டு எண்ணினா. ரெண்டு மாசம் ஆகியிருந்தது. கார்டு டெஸ்ட் போட்டோம். ரெண்டு கோடு.

அவ அழல. "எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு டாக்டர்"ன்னா. மலை மேல ஒரு சின்ன முருகன் கோயில். மஞ்சள் கயிறு. யாரெல்லாம் இருந்தாங்கன்னு சிஸ்டர் கேட்டாங்க.

"யாரும் இல்ல. நானும் அவரும்தான்." கொஞ்ச நேரம் கழிச்சு, "ஒரு குரங்கு இருந்துச்சு. தேங்காயைப் பிடுங்கிட்டுப் போயிடுச்சு"ன்னு சொல்லிட்டு அவளே லேசா சிரிச்சா.

அப்புறம் சொன்னா. அவன் போன் பதினஞ்சு நாளா அணைஞ்சிருக்கு.

3/
அந்த ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது ஒரு பழைய பாட்டு. ஸ்கூல்ல தமிழ் அய்யா நடத்தினது. குறுந்தொகையில் 25வது பாடல். எழுதியவர் கபிலர்.

ஒரு பெண் தன் தோழியிடம் பேசுகிறாள். மலைப்பக்கம் அவளும் அவனும் ரகசியமாகக் கூடினார்கள். அவன் கல்யாணம் செய்துகொள்வதாக வாக்குக் கொடுத்தான். இப்போது நாள் தள்ளிக்கொண்டே போகிறது. அவன் மாற்றிப் பேசினால் நான் என்ன செய்வேன் என்கிறாள். அன்றைக்கு அங்கே வேறு யாரும் இல்லை. ஓடும் தண்ணீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற ஒரு குருகு மட்டும்தான் இருந்தது. அதன் கால் தினைப்பயிரின் தண்டு மாதிரி மெலிசாக இருந்தது என்று வரை அவளுக்கு நினைவிருக்கிறது.

குருகு என்றால் நாரை, கொக்கு வகைப் பறவை. அதுவும் இவர்களைப் பார்க்கவில்லை. அதன் கண் மீன் மேலே.

சுமார் 2000 வருஷத்துக்கு முந்தைய பாட்டு. கல்யாணம், மலை, ரெண்டே பேர், சாட்சிக்கு வாய் பேசாத ஒரு உயிர். எங்க கேஷுவாலிட்டியில் படுத்திருந்த பொண்ணுக்குக் குரங்கு.

4/
இந்த இழை அந்தச் சாட்சியைப் பற்றித்தான். கல்யாணத்துக்குச் சாட்சி எதுக்கு? யாருக்காக வந்தது? யார் கையில் போய்ச் சேர்ந்தது? கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

5/
சங்க இலக்கியம் நிலத்தை ஐந்து திணையாகப் பிரிக்கும். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. அதன் கடவுள் சேயோன், அதாவது முருகன். அதற்கு உரிய உணர்வு, காதலர் கூடுதல்.

அன்றைய காதல் வாழ்க்கைக்கு ரெண்டு கட்டம். ஊருக்குத் தெரியாமல் பழகுவது களவு. ஊரறியச் சேர்ந்து வாழ்வது கற்பு. கற்புன்னா இன்னைக்கு நாம புரிஞ்சுக்கிற அர்த்தம் மட்டும் இல்லை. மணவாழ்க்கைக்கே அதுதான் பேர். களவு என்ற சொல்லிலும் குற்றச்சாட்டு கிடையாது. காதலுக்கு அது ஒரு இயல்பான முதல் படி.

குறிஞ்சியைப் பாடுவதில் கபிலருக்கு நிகர் இல்லை. பத்துப்பாட்டில் உள்ள குறிஞ்சிப்பாட்டும் அவருடையதுதான். 261 அடி. பிரகத்தன் என்ற ஆரிய அரசனுக்குத் தமிழ் மரபைச் சொல்லிக்கொடுக்கப் பாடியது என்று அதன் பழைய குறிப்பு சொல்கிறது. வெளியூர் ராஜாவுக்குத் தமிழ்னா என்னன்னு காட்ட அவர் தேர்ந்தெடுத்த விஷயம் ஒரு காதல் கதை. அதிலும் வீட்டுக்குத் தெரியாத காதல்.

6/
கதை இதுதான். தினைப்புனத்தில் கிளி விரட்டிக்கொண்டிருக்கிறாள் பெண், தோழியோடு. அருவியில் குளிக்கிறார்கள். பூப் பறித்துப் பாறையில் குவிக்கிறார்கள் (99 பூக்களின் பெயரை வரிசையாகச் சொல்லும் புகழ்பெற்ற இடம் இது). வேட்டை நாய்கள் சூழ்கின்றன. பின்னாலேயே வரும் இளைஞன் அவற்றை அடக்குகிறான். பிறகு மதயானை வருகிறது. அம்பு விட்டுத் துரத்துகிறான்.

அப்புறம் அவன் செய்வதுதான் முக்கியம். அவன் கொடுக்கும் வாக்கில் காதல் வசனம் குறைவு, குடும்ப வாழ்க்கைதான் அதிகம். வருகிறவர்களுக்கெல்லாம் நம் வீட்டில் சோறு போட்டுவிட்டு, மிஞ்சியதை உன்னோடு சேர்ந்து சாப்பிடுவேன் என்கிறான். மலை உச்சியில் இருக்கும் கடவுளைக் கும்பிடுகிறான். சொன்ன சொல் பொய்யாகாது என்பதற்கு அருவித் தண்ணீரை அள்ளிக் குடிக்கிறான்.

என்னைப் பொறுத்தவரை அது ஒரு கல்யாணச் சடங்குதான். பந்தல் இல்லை, மேளம் இல்லை. மலையும் தண்ணீரும் ஒரு வாக்கும்தான். ஆனா ஒரு வித்தியாசம் கவனிச்சீங்களா? இங்கே தோழி கூடவே இருக்கிறாள். அந்தக் குருகுப் பாட்டுப் பெண்ணுக்கு அன்றைக்கு யாரும் இல்லை.

7/
இப்ப டாக்டரா ஒரு விஷயம்.

குறிஞ்சிப் பெண் வீட்டுக்கு வந்ததும் மெலிகிறாள். வளையல் கழன்று விழுகிறது. உடம்பில் பசலை படர்கிறது. (நான் இருந்திருந்தா முதல்ல ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லியிருப்பேன்.) வீட்டில் பயந்துபோகிறார்கள். முருகன் அணங்கிவிட்டான் என்று முடிவு செய்து வேலனைக் கூப்பிடுகிறார்கள். அவன் கழங்குக் காயைப் போட்டுக் குறி பார்க்கிறான். ஆட்டை அறுத்து வெறியாட்டு நடக்கிறது.

முழுக்கத் தப்பான டயக்னோசிஸ். நோய்க்குக் காரணம் தெரிந்த ஒரே ஆள் தோழி. நற்றிணை 34வது பாட்டில் ஒரு தோழி பொறுமை இழந்து முருகனையே திட்டுகிறாள். இது உன்னால் வந்த நோய் இல்லை என்று தெரிந்தும் கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்கிறாயே, நீ கடவுளே ஆனாலும் அறியாதவன்தான் என்கிற அர்த்தத்தில்.

மந்திரிச்ச கயிறோடு வர்ற பேஷண்ட்டைப் பார்த்து நாங்க சலிச்சுக்குவோம். 2000 வருஷம் முன்னாடியே ஒரு தோழி சலிச்சுக்கிட்டா.

8/
அப்போ தோழி என்ன செய்வாள்? அதற்கு ஒரு பெயர் இருக்கிறது: அறத்தொடு நிற்றல். உண்மையை உரிய ஆளிடம் உரிய முறையில் திறப்பது.

அதற்கு ஒரு வரிசை உண்டு. தலைவி தோழியிடம் சொல்வாள். தோழி செவிலித்தாயிடம். செவிலி பெற்ற தாயிடம். தாய், தகப்பனிடமும் அண்ணன்மாரிடமும். யார் முதலில் கேட்டால் பக்குவமாகக் கேட்பார்களோ அவர்களிடம் முதலில். யார் கையில் வில்லும் கோபமும் இருக்கிறதோ அவர்களிடம் கடைசியில்.

குறிஞ்சிப்பாட்டு முழுவதுமே அப்படித் தோழி செவிலியிடம் பேசும் பேச்சுதான். இரண்டு பெரிய அரசர்களின் பகைக்கு நடுவே மாட்டிக்கொண்ட சான்றோர் போலத் தவிக்கிறேன் என்கிறாள். கெட்ட சேதியை அட்டெண்டரிடம் சொல்லப் போகும் ஒவ்வொரு டாக்டருக்கும் நர்ஸுக்கும் அந்தத் தவிப்பு தெரியும்.

9/
வீடு சம்மதிக்கவில்லை என்றால்? வேறு இடத்தில் பேசி முடிக்கிறார்கள் என்றால்? அதுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். உடன்போக்கு. இன்னைக்கு "ஓடிப்போயிட்டா"ன்னு வாய்கூசாமல் சொல்கிறோம். அவர்கள் சொன்னது, கூடப் போனாள் என்று.

கலித்தொகை 9வது பாட்டில் மகளைத் தேடிப் போகும் செவிலி, வழியில் வரும் அந்தணர்களிடம் விசாரிக்கிறாள். பார்த்தோம் என்கிறார்கள். ஆனால் திட்டவில்லை. சந்தனம் மலையில் பிறக்கிறது, ஆனால் பூசிக்கொள்பவருக்குத்தான் பயன். முத்துக்குக் கடலும், இசைக்கு யாழும் அதுபோலத்தான். உங்கள் மகளும் அப்படியே. அவள் போனது அறத்துக்கு மாறானதல்ல, அவளை வருத்தாதீர்கள் என்கிறார்கள்.

தேடிப் போன அம்மாவின் வலியையும் அந்தப் பாட்டு மறைக்கவில்லை. ரெண்டும் ஒரே பாட்டில் இருக்கிறது.

10/
இப்போ சட்டப் புத்தகம் மாதிரியான ஒரு இடத்துக்குப் போவோம். தொல்காப்பியம், கற்பியல்.

கல்யாணச் சடங்குக்கு அது வைக்கும் பெயர் கரணம். கொடுக்க உரியவர்கள் கொடுக்க, கொள்ள உரியவன் கொள்வது என்று இலக்கணம் சொல்கிறது. உடனே அடுத்த நூற்பாவிலேயே ஒரு விலக்கு: காதலர் சேர்ந்து போய்விட்ட காலத்தில், கொடுப்பவர்கள் இல்லாமலும் கரணம் உண்டு.

பெண்ணைப் பெற்றவர் வந்து கைப்பிடித்துக் கொடுக்காவிட்டாலும் அது கல்யாணம்தான். நம்முடைய மிகப் பழைய இலக்கண நூல் இதைக் கூச்சமில்லாமல் சொல்கிறது.

11/
அப்படியென்றால் கரணம் எதற்கு வந்தது? அதையும் தொல்காப்பியமே சொல்கிறது. பொய்யும் தவறும் நடக்க ஆரம்பித்த பிறகுதான் பெரியவர்கள் கரணத்தை ஏற்படுத்தினார்கள் என்பது அதன் கருத்து. பொய் என்றால் செய்ததை இல்லை என்று மறுப்பது. வழு என்றால் ஏற்றுக்கொண்டதில் நில்லாமல் நழுவுவது என்று உரை விளக்கம்.

குருகுப் பாட்டை இப்போ திரும்பப் படிங்க. அந்தப் பெண்ணின் பயமே அதுதான். அவன் மறுத்துவிட்டால்?

அதாவது சடங்கு பிறந்தது மாட்டிக்கொள்ளப் போகிறவளுக்காக. நாளைக்கு அவன் இல்லையென்று சொன்னால், "நாங்க பார்த்தோம்டா" என்று சொல்ல நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேருக்காகத்தான் பந்தல், விளக்கு, சாப்பாடு எல்லாம்.

12/
அந்தப் பந்தலை அகநானூறு 86ல் பார்க்கலாம். பாடியவர் நல்லாவூர் கிழார். உளுந்து போட்டுக் குழையச் சமைத்த பொங்கல். பந்தல் போட்டு மணல் பரப்பியிருக்கிறார்கள். விளக்கு, மாலை. விடியற்காலை, நிலா நல்ல நாளில் கூடியிருக்கிறது. வயதான பெண்கள் குடத்தில் தண்ணீர் சுமந்து வருகிறார்கள். பிள்ளை பெற்ற நான்கு பெண்கள் மணப்பெண்ணின் தலையில் பூவும் நெல்லும் கலந்த நீரைச் சொரிந்து வாழ்த்துகிறார்கள்.

அந்தப் பாட்டில் தீ வலம் இல்லை, மந்திரம் ஓதுகிறவர் இல்லை. நடத்துபவர்களே பெண்கள்தான். சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகி கல்யாணத்துக்கு வரும்போது வேதியரும் தீ வலமும் வந்துவிடுகிறது. சடங்கு காலத்துக்குக் காலம் மாறும். சுற்றி நின்று பார்ப்பவர்கள் மட்டும் எல்லா வடிவத்திலும் இருக்கிறார்கள்.

13/
நம்ம ஊரில் மலைக் காதல் என்றால் வள்ளி கதை சொல்லாமல் முடியுமா? சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் நாடகத்தைத் தென் மாவட்டத் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் இந்தக் கதை எப்படி முடிகிறது தெரியுமா? தினைப்புனம் காத்த வள்ளியை முருகன் இரவோடு இரவாகக் கூட்டிக்கொண்டு போகிறான். குறவர் கூட்டம் ஆயுதத்தோடு துரத்துகிறது. சண்டையில் விழுந்துபோகிறார்கள். பிறகு உயிர் பெற்று எழுகிறார்கள். துரத்தியவன் கடவுள் என்று தெரிந்ததும், வள்ளியின் அப்பா கேட்பது ஒன்றுதான். எங்க ஊருக்குத் திரும்பி வந்து எல்லாரும் பார்க்கக் கல்யாணம் செய்துகொள்ளுங்கள்.

முருகனும் மறுக்காமல் திரும்பி வருகிறான். கடவுளுக்கே சாட்சி தேவைப்பட்டதா என்று கேட்டால், வள்ளிக்குத் தேவைப்பட்டது.

14/
சரி, இதுவரை சாட்சி நல்லவர். இனிமேல்தான் சிக்கல்.

பார்க்க வந்த நாலு பேர், கொஞ்சம் கொஞ்சமாக "நாங்க சம்மதிச்சாத்தான் கல்யாணம்" என்று சொல்லும் நாலு பேராக மாறுகிறார்கள். சாதி, சொத்து, கௌரவம் எல்லாம் பந்தலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இது நம்ம ஊருக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. ஒரு வெளியூர் கேஸ் ஷீட்டைப் பார்த்துட்டு வருவோம்.

15/
18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. கடனுக்காகச் சிறையில் இருந்த பாதிரியார்கள் லண்டன் ஃபிளீட் சிறையைச் சுற்றிக் காசு வாங்கிக்கொண்டு ரகசியக் கல்யாணம் நடத்தினார்கள். ஏற்கெனவே மனைவி இருப்பவன் மறைத்துக் கட்டுவது, போதையில் கட்டுவது, பிறகு இல்லையென்று சாதிப்பது எல்லாம் நடந்தது. தொல்காப்பியம் சொன்ன அதே பொய், அதே வழு.

1753ல் ஹார்ட்விக் பிரபு ஒரு சட்டம் கொண்டுவந்தார். 1754 மார்ச் 25 முதல் அமல். தேவாலயத்தில் முன்கூட்டி அறிவிக்க வேண்டும் அல்லது உரிமம் வாங்க வேண்டும். உரிமம் வாங்கிக் கட்டும்போது 21 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் கட்டாயம்.

சாட்சி கேட்ட சட்டம், கூடவே அப்பா கையில் பூட்டையும் கொடுத்துவிட்டது. ஆனால் அது ஸ்காட்லாந்துக்குப் பொருந்தாது. அங்கே இரண்டு சாட்சிகள் முன்னால் "இவள் என் மனைவி, இவன் என் கணவன்" என்று சொன்னால் போதும். எல்லை தாண்டியதும் வரும் முதல் கிராமம் கிரெட்னா கிரீன். குதிரை வண்டியில் விரட்டிக்கொண்டு வரும் ஜோடிகளுக்குக் கொல்லன் பட்டறையில் கல்யாணம். பட்டறைக் கல் மேல் சுத்தியல் அடித்தால் முடிந்தது.

16/
காதல் கதைன்னு முழுசா கொண்டாட முடியாது. 1826ல் எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்ட் என்பவர், எலன் டர்னர் என்ற 15 வயதுப் பணக்காரச் சிறுமியைப் பொய் சொல்லிப் பள்ளியிலிருந்து கூட்டி வரச் செய்தார். உன் அப்பா நொடித்துப் போய்விட்டார், நீ என்னைக் கட்டினால்தான் குடும்பம் பிழைக்கும் என்று நம்பவைத்து கிரெட்னாவில் கல்யாணம் செய்துகொண்டார். சாட்சியும் இருந்தது, வாக்கும் இருந்தது. ஆனால் அவளுடைய சம்மதம் பொய்யின் மேல் வாங்கியது. அவருக்கு மூன்று ஆண்டு சிறை. கல்யாணத்தை நாடாளுமன்றமே ரத்து செய்தது.

அப்புறம் 1856ல் ஒரு சட்டம், ஜோடியில் ஒருவராவது 21 நாள் ஸ்காட்லாந்தில் தங்கியிருக்க வேண்டும் என்றது. 1940ல் பட்டறைக் கல்யாணங்களின் சட்டத் தகுதி முடிவுக்கு வந்தது.

பூட்டு அதிகமானால் ஜனங்கள் எல்லை தாண்டி ஓடுவார்கள். பூட்டே இல்லையென்றால் வேக்ஃபீல்டுகள் வருவார்கள். ரெண்டையும் சேர்த்துப் பார்க்கணும்.

17/
திரும்ப நம்ம ஊர். 1928 மே 28. அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தம். பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம். புரோகிதர் இல்லை, தீ வலம் இல்லை. ஆனால் கூட்டம் உண்டு. மேடை உண்டு. எல்லார் முன்னாலும் இருவரும் ஒப்புக்கொள்வார்கள். புரோகிதரை நீக்கியவர்கள் சாட்சியை நீக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்படிக் கல்யாணம் செய்தவர்களுக்கு நீதிமன்றத்தில் அடி விழுந்தது. உரிய சடங்கு இல்லாததால் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953ல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. எத்தனை பெண்களின் நிலையும் பிள்ளைகளின் உரிமையும் அந்தரத்தில் தொங்கியிருக்கும்!

அதைச் சரி செய்தது அண்ணா ஆட்சி. 1967ல் இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவு. உறவினர், நண்பர் அல்லது வேறு நபர்கள் முன்னிலையில், புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றினாலோ, தாலி கட்டினாலோ கல்யாணம் செல்லும். அதற்கு முன்பு நடந்தவையும் செல்லும்.

18/
2014ல் இன்னொரு திருப்பம். வக்கீல் அலுவலகங்களில் ரகசியமாக நடக்கும் கல்யாணங்கள் 7ஏ பிரிவில் வராது, கல்யாணம்னா ஊரறிய நடக்கணும் என்கிற கருத்தில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அந்தக் கவலையில் நியாயம் இருக்கு. வேக்ஃபீல்ட் கதை படிச்சவங்களுக்குப் புரியும்.

2023 ஆகஸ்ட் 28ல் உச்சநீதிமன்றம் அந்தக் கருத்தை மாற்றியது. 7ஏ பிரிவு ஊரறிய அறிவிக்கச் சொல்லவில்லை. குடும்ப எதிர்ப்புக்கும் உயிருக்கும் பயந்து வருகிறவர்களைப் பகிரங்கமாக அறிவிக்கச் சொன்னால் அவர்கள் உயிருக்கே ஆபத்தாகலாம் என்றது.

உயிருக்கு ஆபத்துங்கிறது பேச்சுக்குச் சொல்றது இல்லை. பிரேதப் பரிசோதனை மேசை பக்கம் நிற்கிற எங்களுக்குத் தெரியும். வயது வந்த இருவரின் விருப்பத்தில் குறுக்கிட எந்தக் கூட்டத்துக்கும் உரிமை இல்லை என்று 2018லேயே உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தீர்ப்பு சொல்லி வருஷமாச்சு, மேசை இன்னும் காலியாகல.

19/
ஆக, என் புரிதல் இவ்வளவுதான். கல்யாணத்துக்குச் சாட்சி வேணும். அனுமதிச் சீட்டு வேண்டாம். தொல்காப்பியம் ரெண்டையும் பிரித்துத்தான் வைத்திருந்தது: கொடுப்பவர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கரணம் இருக்கட்டும். 7ஏ பிரிவும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நிற்கிறது: ஊர் வேண்டாம், ஆனால் யாராவது இருக்கட்டும்.

மலை மேல தனியா கல்யாணம் செய்துக்கணும்னு ஆசைப்படுற தம்பி தங்கைகளுக்கு மூணு விஷயம்.

ஒன்று, பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 முடிந்திருக்க வேண்டும். 18க்குக் கீழே என்றால் அது போக்சோ. எங்ககிட்ட வந்தால் தகவல் சொல்வது எங்கள் சட்டக் கடமை, இரக்கம் பார்த்து மறைக்க முடியாது.

இரண்டு, பேசத் தெரிந்த ரெண்டு பேரையாவது கூட்டிட்டுப் போங்க. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்யாணப் பதிவு தமிழ்நாட்டில் கட்டாயம், அதையும் முடிச்சுடுங்க.

மூன்று, பதிவு இல்லாவிட்டாலும், அவன் வராவிட்டாலும், ஆஸ்பத்திரிக்கு வர யோசிக்காதீங்க. கர்ப்பகால சிகிச்சைக்குக் கல்யாணச் சான்றிதழ் தேவையில்லை. கருவைத் தொடர்வதா என்பதிலும் 18 முடிந்த பெண்ணின் சம்மதம் மட்டும்தான் சட்டத்துக்குத் தேவை. மிரட்டல் இருந்தால் 181க்குக் கூப்பிடுங்க.

20/
அந்தப் பொண்ணு என்ன ஆனான்னு கேட்பீங்க.

வயது வந்தவள். அவள் சம்மதம் இல்லாமல் வெளியே நிற்கிறவர்களிடம் நாங்கள் எதையும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. சிஸ்டர் அவகிட்ட கேட்டாங்க: "இந்தக் கூட்டத்துல யார்கிட்ட முதல்ல சொன்னா உனக்குப் பயம் இல்ல?" ரொம்ப நேரம் யோசிச்சு, "அத்தை"ன்னா.

அத்தை உள்ளே வந்தாங்க. கேட்டதும் தலையில அடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தாங்க. காலையில அத்தை அம்மாகிட்ட சொன்னாங்க. அண்ணனுக்குச் சொன்னது அடுத்த நாள், வீட்டுப் பெரியவங்க ரெண்டு பேரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு. சிஸ்டர் தொல்காப்பியம் படிச்சவங்க இல்லை. வரிசை மட்டும் தப்பல.

நாலாவது நாள் அவன் வந்தான், அவனோட அக்காவைக் கூட்டிட்டு. போன் ஏன் அணைஞ்சிருந்ததுன்னு அவன் சொன்ன காரணத்தை நான் முழுசா நம்பல. ஆனா அவன் மறுக்கல. அக்கா இருந்ததால மறுக்கலையா, மனசாலயே மறுக்கலையான்னு எனக்குத் தெரியாது. சாட்சின்னு ஒண்ணு இருக்கிறதே அந்தச் சந்தேகத்துக்காகத்தானே.

21/
ரெண்டு மாசம் கழிச்சு செக்கப்புக்கு வந்தா. கூட அம்மா. ஹீமோகுளோபின் 10ஐத் தாண்டியிருந்தது. இரும்புச் சத்து மாத்திரையை ஒழுங்காப் போடுறாளாம். தாய் சேய் அட்டையில் கணவர் பெயர் கட்டத்தில் எழுத்து இருந்தது. பதிவும் முடிஞ்சிருந்தது.

அதே மலைக் கோயிலுக்கு மறுபடி போய் மாலை மாத்திக்கிட்டாங்களாம். இந்தத் தடவை முப்பது பேர். அண்ணன் மேலே ஏறி வரல. ஆனா அடிவாரத்துல பைக்கை நிறுத்திட்டுக் கடைசி வரைக்கும் நின்னிருக்கான்.

"குரங்கு வந்துச்சாம்மா?"ன்னு சிஸ்டர் கேட்டாங்க.

"வந்துச்சு சிஸ்டர். இந்தத் தடவையும் தேங்காயைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. ஆனா முப்பது பேரும் பார்த்தாங்க."

 ஓபி ஆரம்பிச்சாச்சு, கிளம்புறேன்.